செருகு அட்டைகளும் கெர்னலும்

1989இல் தொடங்கிய பிசிஎம்சிஐஏ சங்கத்தின் தரநிலையால் மடிக்கணினியின் பக்கவாட்டில் மோடத்தையும் ஈதர்நெட்டையும் அட்டையாகச் செருக முடிந்தது. ஆனால் லினக்ஸில் அந்த ஆதரவு தொண்ணூறுகளில் பெரும்பாலும் கெர்னலுக்கு வெளியே, டேவிட் ஹைண்ட்ஸ் பராமரித்த தனித் தொகுப்பாகவே இருந்தது. கெர்னலை மாற்றினால் அதையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். 2001 ஜனவரியில் வெளியான 2.4 கெர்னல் அதைத் தனக்குள் எடுத்துக்கொண்டது.

ஆனால் பயனரின் சுமையைப் பெரிதும் இறக்கியது இந்த இணைப்பு அல்ல, டிரைவர் மாட்யூல்களை ஏற்றும் முறையில் வந்த மாற்றமே என்பேன். 1999இல் மெல்போர்னில் ஆஸ்திரேலிய லினக்ஸ் மாநாட்டின் முன்னோடிக் கூட்டத்தை நடத்திய ரஸ்டி ரஸ்ஸல்தான், 2003 டிசம்பரில் வந்த 2.6க்காக மாட்யூல் ஏற்றியைப் புதிதாக எழுதியவர். இம்முறையில், தான் எந்தெந்த அட்டையை இயக்கும் என்ற விவரத்தை டிரைவரே சுமந்தது. அட்டை தன் அடையாளத்தைச் சொன்னதும் உரிய மாட்யூல் தேடி ஏற்றப்பட்டது. ஹைண்ட்ஸின் தொகுப்பிலிருந்த கார்டுமேனேஜர் நிரல் அதை முன்பே செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தது, மறுக்க முடியாத சாதனை. ஆனால் அது நம்பியிருந்தது கையால் பராமரித்த ஒரு பட்டியலை. அதில் இல்லாத அட்டைக்குப் பயனரே வரி சேர்க்க வேண்டும். 2005இல் வந்த 2.6.13இல், டொமினிக் பிரோடோவ்ஸ்கியின் உழைப்பால், பிசிஎம்சிஐஏ அட்டைகளும் இப்பொதுவழிக்கு வந்தன. கெர்னலைக் கம்பைல் செய்பவர் பிசிஎம்சிஐஏ, சாக்கெட் கன்ட்ரோலர் ஆகியவற்றை மாட்யூலாகத் தேர்ந்து கார்டுபஸ் ஆதரவையும் இயக்கினால் பெரும்பாலும் போதுமானதாயிற்று.