திண்டுக்கல்காரன் கடலுக்குப் போன கதை

திண்டுக்கல்லில் பிறந்தவனுக்குக் கடல் என்பது உப்பு மூட்டையோடு வந்து சேரும் ஒரு செய்தி. அதற்கு மேல் அவனுக்கும் கடலுக்கும் சம்பந்தம் கிடையாது. எங்கள் ஊர்க் கோட்டை மலையின் உச்சியில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் சிறுமலை தெரியும். மறு பக்கம் பழநி மலைத்தொடர் நீலமாகப் படுத்திருக்கும். நடுவே மானாவாரிக் காடும் கிணற்றுத் தோட்டமுமாகச் சமவெளி விரிந்து கிடக்கும். தண்ணீர் மட்டும் கண்ணுக்கு எட்டாது. ஆத்தூர் அணையிலிருந்து குழாயில் வருவதே எங்களுக்குக் கங்கை.

இப்படிப்பட்ட ஊர்க்காரன் ஒரு கப்பல் கதை எழுதினால் என்ன ஆகும்? எழுதியவனுக்கு ஒன்றும் ஆகாது; படித்தவர்களில் விவரம் தெரிந்தவர் ஒருவர் இருந்துவிட்டால்தான் ஆபத்து. என் சரித்திரத் தொடர்கதை ஒன்றில், மூன்று பாய்மரங்கள் கொண்ட யவனக் கப்பல் ஒன்றை முசிறியிலிருந்து புறப்படச் செய்து, குமரி முனையைச் சுற்றி, ராமேசுவரத்தை உரசிக்கொண்டு தொண்டித் துறையில் நங்கூரம் பாய்ச்சச் செய்திருந்தேன். வர்ணனை நன்றாக இருந்தது என்று பலர் எழுதினார்கள். ராமநாதபுரத்தில் இருக்கும் என் சிநேகிதர் ஒருவர் மட்டும், 'உங்கள் கப்பல் சேதுவில் தரை தட்டிப் பத்து அத்தியாயம் ஆகிறது. அதிலிருந்தவர்கள் எப்படித் தொண்டியில் இறங்கினார்கள்?' என்று ஒரு கடிதம் போட்டார். அவர் பணியிலிருந்து ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். 'பொங்கல் விடுமுறைக்கு வாருங்கள். தொண்டியிலிருந்து வைகை முகம் வரை படகில் போவோம். கடலைப் பார்த்துவிட்டுக் கப்பல் எழுதலாம்' என்றும் சேர்த்திருந்தார்.

வெட்கத்தோடுதான் போனேன். ஆனால் சொல்லவேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. என் எழுதுமேஜையில் பேனா வைக்கும் தட்டில் மிளகளவு சிவப்புக் கண்ணாடி மணி ஒன்று பல வருஷங்களாகக் கிடக்கிறது. சிறு வயதில், பழநிக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருந்த என் அத்தை ஊருக்கு லீவுக்குப் போகும்போது, மழை பெய்து ஓய்ந்த மறுநாள் புழுதிக் காட்டில் நாங்கள் இந்த மாதிரி மணிகளைப் பொறுக்குவோம். அத்தை அவற்றைப் 'பாசி' என்பாள். நூலில் கோத்துக் கட்டிக்கொள்வோம். அறுந்தால் அப்படியே விட்டுவிடுவோம். மிஞ்சியது இந்த ஒன்று. இதற்கும் கடலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

தை பிறந்து நாலாம் நாள் விடியற்காலையில் தொண்டியில் வத்தை ஏறினோம். இன்று அந்தக் கரையில் பாயை மட்டும் நம்பிக் கடலில் இறங்குகிறவர்கள் அபூர்வம். எங்கள் வத்தையின் பின்புறத்திலும் மோட்டார் இருந்தது. ஆனால் படகுக்காரர் எழுபதை நெருங்குகிறவர். பாய் விரித்தே வளர்ந்தவர். எங்கள் விருப்பத்தைக் கேட்டதும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. வீட்டில் மடித்துப் போட்டிருந்த பழைய பாயை எடுத்துவந்து கட்டினார். வாடைக் காற்று பின்னால் நின்று தள்ள, வத்தை சத்தமில்லாமல் தெற்கே நகர்ந்தது.

"சுகமாக இருக்கிறதே அண்ணே, இப்படியே கன்னியாகுமரி வரை போய்விடலாம் போலிருக்கிறது" என்றேன்.

"போறது சுகந்தான் ஐயா. வாடையை எதுத்துத் திரும்பி வரணுமே, அதுல தெரியும் பாடு. எங்கப்பா காலத்துல காத்து மாறுற வரைக்கும் போன ஊர்லயே கெடப்பாக" என்றார் அவர்.

அவர் சாதாரணமாகச் சொன்ன அந்த வார்த்தையில் ஈராயிரம் வருஷத்து வாணிபம் அடங்கியிருந்தது. எகிப்திலிருந்து நடுக்கோடையில் புறப்பட்ட யவனக் கப்பல்கள் தென்மேற்குப் பருவக் காற்றில் மலையாளக் கரையை அடைந்து, மாதக்கணக்கில் காத்துக் கிடந்து, மார்கழி தையில் வாடை திரும்பிய பிறகுதான் ஊர் திரும்பின. காற்றுக்குக் காத்திருந்த அந்த மாதங்களில்தான் விலை பேசினார்கள்; பாஷை கற்றார்கள்; சிலர் இங்கேயே தங்கியும் போனார்கள். கிழக்கிலிருந்து வீசும் கொண்டல் காற்றோடு தொண்டியிலிருந்து அகிலும் துகிலும் சந்தனமும் மதுரைக்கு வந்து சேர்ந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்வதும் இந்தக் கணக்கில்தான். கவி அங்கே அழகுக்காக மட்டும் காற்றைச் சொல்லவில்லை. கப்பல் வரும் காலத்தைச் சொல்கிறார்.

உச்சிப் பொழுதில் படகுக்காரர் ஒரு கழியை எடுத்துத் தண்ணீரில் ஊன்றிக் காட்டினார். கரை தூரத்தில் ஒரு கோடாகத்தான் தெரிந்தது. ஆனாலும் கழி தரையைத் தொட்டது. சிநேகிதர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்கள் மூன்று பாய்மரக் கப்பல் இந்த வழியாகத்தானே வந்தது?"

நான் பதில் சொல்லவில்லை. அவரே விளக்கினார். சேதுவின் மணல் திட்டுகளில் ஓர் ஆள் ஆழம்கூட இல்லாத இடங்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் பாம்பன் கால்வாயை ஆழப்படுத்திய பிறகும் சிறிய கப்பல்களே அதில் போக முடிந்தது. 2005-ல் தொடங்கிய சேது சமுத்திரத் திட்டமும் பாதியில் நின்றுபோயிற்று. மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் போகும் பெரிய கப்பல்கள் இன்றும் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்கர் எழுதி வைத்த 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பிலும், இந்தப் பக்கத்தில் உள்ளூர்ப் படகுகளே கரையை ஒட்டிச் சேரநாடு வரை ஓடின என்றும், பெருமரங்களைப் பிணைத்துச் செய்த 'சங்கர' என்னும் மரக்கலங்களும் இருந்தன என்றும் காண்கிறது.

"அப்படியானால் யவனச் சரக்கு இந்தக் கரைக்கு எப்படி வந்தது?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் இந்தச் சின்னப் படகுகளில் வந்தது. மிச்சம் எப்படி வந்தது என்பதைத் திண்டுக்கல்காரரான நீங்கள் எனக்குச் சொல்லவேண்டும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விடவில்லை. மேற்குக் கரையில் இறங்கிய பண்டம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வண்டியேறிக் கிழக்கே வந்தது. அந்தப் பெருவழியை ஒட்டித்தான் வெள்ளலூரிலும் பொள்ளாச்சியிலும் ரோமானியக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. எங்கள் பழநிக்கு அருகே கலையமுத்தூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிடைத்தவை தங்கக் காசுகள். அங்கிருந்து மதுரைக்குப் போகும் வழி எங்கள் சமவெளி வழியாகத்தான் போயாக வேண்டும். கடல் ஆழமில்லாமல் கப்பலை மறித்த இடத்தில், தரை அதன் வேலையை ஏற்றுக்கொண்டது. நான் கடலே இல்லாத ஊர் என்று குறைப்பட்டுக்கொண்டிருந்த மண், அந்தக் கடல் வழியின் விட்டுப்போன ஒரு துண்டு!

முதல் நாள் இரவு திருப்பாலைக்குடியில் கரையேறினோம். மறுநாள் தேவிபட்டினத்தில் தங்கினோம். அங்கே கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களை இராமபிரான் நட்டதாக ஐதீகம். ஈரத் துணியோடு மக்கள் அவற்றைச் சுற்றிவந்துகொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளூர ஓர் ஏமாற்றம். துருக்கியின் தென்மேற்குக் கரையில் விடுமுறைக்கு வருகிறவர்கள் பாய்மரப் படகில் போய்ப் பழைய நகரங்களின் இடிபாடுகளைப் பார்ப்பார்களாம். கெக்கோவா தீவின் ஓரத்தில் நீருக்குள் சுவர்களும் படிக்கட்டுகளும் தெரியுமாம். மூன்று நாளாக நான் தேடியதும் அந்த மாதிரிக் காட்சியைத்தான். இங்கேயோ தூண் இல்லை, மண்டபம் இல்லை, மணலும் பனையும் உடைமரமுமாகக் கரை நீண்டுகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் ஆற்றங்கரையில் வத்தை ஒதுங்கியது. அங்கேதான் வைகை கடலில் சேர்கிறது. 'வைகை கடலைச் சேராது' என்று சொல்பவர்கள் உண்டு. நீரில் பெரும்பகுதி ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுவதால் வந்த பேச்சு அது. எங்கள் நிலக்கோட்டைத் தாலுகாவில் அணைப்பட்டி ஆஞ்சநேயர் கோயில் அருகில் ஓடும் அதே வைகை இது என்று நினைத்தபோது, அந்தக் கலங்கல் தண்ணீரில் கையை நனைத்துக்கொள்ளத் தோன்றியது. நனைத்துக்கொண்டேன். கரித்தது.

அங்கிருந்து நடந்து அழகன்குளம் போனோம். கோட்டைமேடு என்று அங்கே ஒரு மேடு இருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறையினர் 1986-87 முதல் பல பருவங்கள் அகழ்ந்தார்கள், 2016-17-லும் அகழ்ந்தார்கள். மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் துண்டுகள், ரோமானியக் காசுகள், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் எல்லாம் கிடைத்தன. அவற்றோடு ஒரு பானை ஓட்டில் கப்பல் படம் ஒன்றும் கிடைத்தது. பழங்காலக் கப்பல்களை ஆராய்ந்த லயனல் காஸன் என்ற அறிஞர், அது மூன்று பாய்மரங்கள் கொண்ட பெரிய ரோமானிய வணிகக் கப்பல் என்று கருதினார்.

நான் நிமிர்ந்து நின்றேன். "மூன்று பாய்மரம்! என் கப்பல்!" என்றேன்.

"அவசரப்படாதீர்கள். வரைந்தவன் கப்பலைப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான் நிச்சயம். அது இலங்கையைச் சுற்றி இந்தக் கரைக்கு வந்ததா, இவன் முசிறிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தானா என்று ஓடு சொல்லவில்லை" என்றார் சிநேகிதர்.

பேசிக்கொண்டே நடந்தபோது என் காலடியில் ஒரு பானை ஓட்டுத் துண்டு தட்டுப்பட்டது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. குனிந்து எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, ஒரு நினைவாக இருக்கட்டுமே என்று சட்டைப் பையில் போடப் போனேன். சிநேகிதர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வைத்துவிடுங்கள். இருந்த இடத்திலேயே."

"ஆயிரம் துண்டு கிடக்கிறதே?"

"ஆயிரம் பேர் வந்து போகிறார்கள். ஓடு கிடக்கும் இடம்தான் அதற்கு விலாசம். எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று தெரிந்தால்தான் அது பேசும். உங்கள் மேஜைக்கு வந்துவிட்டால் ஊமை."

வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கணத்தில் என் நினைவு கோட்டைமேட்டில் இல்லை. பேனாத் தட்டில் கிடக்கும் மணியின்மேல் போய்விட்டது. அதைப் பற்றிச் சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

பழநிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் பொருந்தல் என்ற ஊர் இருக்கிறது. 2009, 2010-ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழ்வாய்வு செய்தார். ஈமக்குழி ஒன்றிலிருந்த சாடிக்குள் நெல் கிடைத்தது. அதை அமெரிக்காவுக்கு அனுப்பிக் காலம் கணித்தபோது ஏறக்குறைய கி.மு. 490 என்று வந்தது. அதை வைத்துத் தமிழ்ப் பிராமி எழுத்தின் வயதைப் பற்றி அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊர் மேட்டிலோ கண்ணாடி மணி செய்த உலையும், ஆயிரக்கணக்கான மணிகளும் கிடைத்தன. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எனப் பல நிறத்தில். என் அத்தை ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

"அப்படியானால் என் மணி பொருந்தல் உலையில் செய்ததா?" என்று ஆவலோடு கேட்டேன்.

"இருக்கலாம். எந்தக் காட்டில் எடுத்தீர்கள்?"

யோசித்துப் பார்த்தேன். எந்தக் காடு? அத்தை வீட்டுக் காடா, பக்கத்துக் காடா, ஓடைக்கரையா? எத்தனை மணிகள் இருந்தன? பக்கத்தில் ஓடு கிடந்ததா, சாம்பல் கிடந்ததா? ஒன்றும் நினைவில்லை. அத்தையும் இப்போது இல்லை.

"அப்படியானால் சொல்வதற்கில்லை" என்றார் அவர், மிருதுவாக.

பெரிய கோட்டைகளை இடித்தவர்களைப் பற்றி நான் கோபமாக எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறேன். ஒரு காட்டின் சரித்திரத்தை விளையாட்டாக நூலில் கோத்து அறுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன் என்பது, அறுபது வயதுக்கு மேல், கடற்கரையில் நின்றபோதுதான் தெரிந்தது. நம் நாட்டின் இந்தக் கரையில் இடிபாடுகள் இல்லாமல் இல்லை. அவை கோபுரமாக நிற்கவில்லை. ஓடாகவும் மணியாகவும் கிடக்கின்றன. கோபுரத்தை யாரும் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. இவற்றை ஒரு சிறுவனே அழித்துவிடலாம்.

திரும்பும்போது வாடை எதிர்த்து அடித்தது. படகுக்காரர் பாயைச் சுருட்டிவிட்டு மோட்டாரை முடுக்கினார். "சொன்னேனே ஐயா, திரும்பிப் போறதுதான் பாடுன்னு" என்றார்.

ஊர் வந்ததும் இரண்டு காரியங்கள் செய்தேன். தொடர்கதை புத்தகமாக வரும்போது, கப்பலை முசிறியிலேயே நிறுத்திவிட்டேன். சரக்கைப் பொதிமாட்டிலும் வண்டியிலும் ஏற்றிப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பழநி மலையடிவாரத்தைத் தொட்டு மதுரைக்கு அனுப்பினேன். ஓர் அத்தியாயம் கூடிவிட்டது, பதிப்பாளர் முணுமுணுத்தார்.

இரண்டாவது, மணியை ஒரு சிறு டப்பாவில் போட்டு, கூடவே ஒரு சீட்டு எழுதி வைத்தேன். 'பழநிக்கு அப்பால் மலையடிவாரம். மழைக்குப் பின் புழுதிக் காட்டில் எடுத்தது. எந்தக் காடு என்று எடுத்தவனுக்கு நினைவில்லை.' அவ்வளவுதான் என்னால் எழுத முடிந்தது. பழநிப் பக்கத்துக் குழந்தைகள் யாராவது இதைப் படித்தால், மழை ஓய்ந்த மறுநாள் மணியைப் பார்க்கட்டும், தொட்டும் பார்க்கட்டும். பிறகு அங்கேயே விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து இடத்தைக் காட்டட்டும்.