ஒரு படம், இரண்டு குரல்

இணையவழிக் கல்வியின் எதிர்காலம் குறித்த கருத்தரங்குகளில் வரலாறு பெரும்பாலும் 2020ஆம் ஆண்டின் ஊரடங்கிலிருந்தே தொடங்குகிறது. மிஞ்சிப்போனால் 2017 ஜூலை 9 அன்று தொடங்கப்பட்ட 'ஸ்வயம்' தளம் வரை பின்னோக்கிச் செல்வார்கள். அதற்கும் நாற்பதாண்டுகளுக்கு முந்தைய ஒரு முயற்சியை நினைவுகூராமல் கற்பித்தல் வடிவமைப்பாளரின் பணியை நம்மால் சரியாக மதிப்பிட முடியாது என்பது என் துணிபு.

1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான் ஆகிய 6 மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சிப் பாடங்கள் சென்றன. 'சைட்' எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட இத்திட்டத்துக்கு நாசா தன் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு இரவல் தந்தது. இஸ்ரோ தரையில் ஆகவேண்டியவற்றைப் பார்த்துக்கொண்டது. கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பி வலையால் செய்த மூன்று மீட்டர் அலைவாங்கியும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கிராமத்தின் பொது இடத்துக்கு வந்து சேர்ந்தன. நாளொன்றுக்கு 4 மணி நேரம்: காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. தமிழ்நாடு இதில் இடம்பெறவில்லை. நம் நினைவில் இது ஆழப் பதியாமைக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

மொழியியல் மாணவனாக என்னை ஈர்த்தது அந்தச் செயற்கைக்கோளின் ஒரு குறைபாடு. அதில் ஒரு காட்சித் தடமும் இரண்டு ஒலித்தடங்களும் மட்டுமே இருந்தன. ஆகவே தெலுங்குக் கிராமமும் கன்னடக் கிராமமும் ஒரே படத்தைப் பார்த்து இரு வேறு குரல்களைக் கேட்டன. இதைப் பொறியியல் செய்தியாக மட்டும் கடந்துவிடக் கூடாது. ஒரே காட்சிக்கு இரு மொழிகள் என்றாகிவிட்டால் திரையில் எழுத்தைக் காட்ட இயலாது; காட்டினால் ஒரு சாராருக்கு அது வெறும் கோலம். ஆசிரியர் முகத்தை நெருக்கத்தில் காட்டிப் பேசவைத்தால் உதடும் ஒலியும் ஒட்டாது. வினை எங்கே வரும், ஒரு கருத்தைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதெல்லாம் படம்பிடிக்கும் முன்பே கணக்கில் வந்தாக வேண்டும். எதைக் காட்டுவது, எதைச் சொல்வது, எதை வகுப்பாசிரியரிடம் விட்டுவிடுவது என்று ஒருவர் அமர்ந்து முடிவுசெய்தே தீரவேண்டும்.

அப்படி முடிவுசெய்தவர்களுக்கு அன்று தனிப் பதவிப்பெயர் இல்லை. அகமதாபாத்தில் யஷ் பாலின் தலைமையில் இயங்கிய விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் சமூக ஆய்வாளர்கள் தயாரிப்பாளர்களோடு சேர்ந்து பணியாற்றினர். பார்க்கப்போகிறவர்கள் யார், அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது என்ன என்பது முன்னதாகவே ஆராயப்பட்டது. ஒளிபரப்பு நடந்தபோது மானிடவியலாளர்கள் கிராமங்களில் தங்கிக் கவனித்தனர். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கான அறிவியல் பயிற்சியில் தொலைக்காட்சியோடு வானொலி, அச்சுநூல், செய்முறை ஆகியவையும் பின்னப்பட்டிருந்தன. அமெரிக்க இராணுவப் பயிற்சிக்காக ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயற்படுத்தல், மதிப்பீடு எனும் படிநிலைகள் வகுக்கப்பட்டதும் அதே 1975இல்தான். இன்று பாடநூல்கள் அதைத்தான் இத்துறையின் தோற்றுவாயாகச் சொல்கின்றன. நம் ஊர்ச் சான்று அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

'சைட்' ஓராண்டில் முடிந்தது. செயற்கைக்கோள் திரும்பிச் சென்றது. அதன்பின் தொழில்நுட்பம் தடையின்றி வளர்ந்தது: 1984இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் நாடளாவிய வகுப்பறை, 2004இல் எஜுசாட். ஆனால் பாடத்துக்கும் மாணவருக்கும் இடையே அமர்ந்து சிந்திப்பவரின் இடம் அதே அளவில் வளரவில்லை. இதற்கு விலக்காக 1985இல் நிறுவப்பட்ட இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைச் சொல்வேன். அதன் பாடப் புத்தகத்தின் தொடக்கப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அலகு எழுதியவர், மொழி செம்மையாக்குநர், வடிவச் செம்மையாக்குநர் எனத் தனித்தனிப் பெயர்கள் இருக்கும். உள்ளே, படிப்பவரை நேரே விளித்துப் பேசும் நடை. இடையிடையே, தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள வினாக்கள். அந்த நடை தானாக வந்ததன்று. துறை அறிஞரின் கட்டுரையை எடுத்து ஒருவர் உடைத்துக் கட்டியிருக்கிறார்.

ஸ்வயத்தின் விதிகளிலும் காணொளி, வாசிப்புப் பொருள், கலந்துரையாடல், மதிப்பீடு என நான்கு கூறுகள் உண்டு. நடைமுறையில் பல பாடங்கள் ஒளிப்பதிவு செய்யப்பட்ட விரிவுரையாகவே சுருங்கிவிடுகின்றன. இப்போது அவ்விரிவுரைகளுக்கு இயந்திரம் தமிழ்க் குரலும் தருகிறது, வரவேற்கிறேன். எனினும் தமிழ்க் குரல் ஒலிக்க, பின்னால் ஆங்கிலச் சொற்கள் நிறைந்த பலகை அசையாமல் நிற்கிறது. ஒரு படம், பல குரல்: 1975இன் அதே சிக்கல்தான். அன்று அது படப்பிடிப்புக்கு முன் எழுந்தது. ஆகவே படமே மாற வேண்டியிருந்தது. இன்று எல்லாம் முடிந்தபின் குரல் மட்டும் ஒட்டப்படுகிறது.

2021இன் விதிமுறைப்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் பெறலாம். அப்படியானால் பட்டத்தின் கணிசமான பகுதி இப்படிப்பட்ட பாடங்களால் ஆனதாக இருக்கக்கூடும். பாடத்தயாரிப்புக்குப் பணம் ஒதுக்கும்போது ஒளிப்பதிவுக் கூடத்துக்கும் கருவிகளுக்கும் ஒரு வரி இருக்கிறது. பாடத்தை முதலில் தமிழிலோ ஒடியாவிலோ கேட்கப்போகும் மாணவரை மனத்தில் வைத்து, அந்தப் பலகையில் என்ன இருக்கவேண்டும் என்று பேராசிரியரோடு வாதாடுபவருக்கு அங்கே ஒரு வரி உண்டா? குழுக்களில் அமர்ந்திருக்கும் ஆசிரியர்கள் அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்கலாம்.