அப்பாவின் அரம்

ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் 1856-க்குப் போய் அதன் தூண்களோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு இந்த வட்டாரத்தின் வரலாறு செம்பில் இருக்கிறது. 1895-இல் சென்னையில் மின்சார டிராம். 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்ரயில். 1970களின் கடைசியில் திருவொற்றியூர், எண்ணூர் தாண்டி கும்மிடிப்பூண்டி வரைக்கும் தலைக்கு மேலே கம்பி. கரண்ட் வந்தால் போதாது, அதை நிறுத்தவும் தெரியணும். அதற்கு உலோகம் உலோகத்தைத் தொட்டு, பிறகு விலக வேண்டும். விலகுகிற நொடியில்தான் வில்லங்கம்.

அப்பா திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். கான்டாக்டரைப் பிரித்து, கருகிக் குழி விழுந்த செம்பு முனைகளை அரத்தால் ராவிக்கொண்டிருப்பார். விலகும் முனைகளுக்கு நடுவில் பிறக்கும் ஆர்க், செம்பை உருக்கிவிடும். சில நேரம் இரண்டும் சேர்ந்தே உறைந்துவிடும்.

"ஒட்டிக்கிச்சுன்னா மோட்டார் நிக்காதுடா. உள்ள எவன் கை இருக்குன்னு அதுக்குத் தெரியாது."

சுத்தமான செம்பில் மின்சாரம் நன்றாகப் பாயும், ஆனால் உலோகம் மென்மையானது. எதையாவது சேர்த்தாக வேண்டும். சேர்த்தது உள்ளே எங்கே போய் உட்காருகிறது என்பதில்தான் கதையே. ரயில் பாதையில் தொடுகம்பியைத் தூக்கிப் பிடிக்கும் 65 சதுர மில்லிமீட்டர் கம்பியில் சுமார் 1 சதவீதம் காட்மியம் உண்டு. அது செம்பிலேயே கரைந்துவிடும். கம்பிக்கு வலு கூடும், கடத்தும் திறன் கொஞ்சம் குறையும்.

வெற்றிடத்துக்குள் திறந்து மூடும் பிரேக்கரில் சிக்கல் இன்னும் மோசம். காற்றே இல்லை, அதனால் செம்பின் மேல் ஆக்சைடு படலமும் இல்லை. சுத்தமான இரண்டு முகங்கள் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். 1950, 60களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் பொறியாளர்கள் செம்பில் துளி பிஸ்மத் சேர்த்தார்கள். செம்பு உருக்குகிறவர்கள் காலங்காலமாகத் திட்டித் தீர்த்த அழுக்கு அது. செம்பில் கரையாமல், படிகத் துகள்களின் எல்லைகளில் படிந்து, உலோகத்தையே நொறுங்க வைக்கும். அந்தக் கெட்ட குணம்தான் இங்கே தேவைப்பட்டது. முனைகள் ஒட்டினாலும் லேசான இழுப்பில் பிட்டுக்கொள்ளும். எனக்கு இதில் ஒரு குறும்பு தெரிகிறது.

பிறகு வந்த குரோமியம்தான் நிலைத்தது. எடையில் கால் பங்கு முதல் பாதி வரை சேர்க்கிறார்கள். அதுவும் திடச் செம்பில் அநேகமாகக் கரையாது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செம்புத் தரையில் தனித்தனிக் கற்களாகக் கிடக்கும். அதனால் செம்பு சுத்தமாகவே இருந்து மின்சாரத்தையும் சூட்டையும் கடத்தும். 1,900 டிகிரியைத் தாண்டி உருகும் குரோமியம் தேய்மானத்தைத் தாங்கும், மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ளும். எனக்கு ஆச்சரியம் வேறொன்று. ஆர்க்கில் உருகிய மேற்பரப்பு சட்டென்று உறையும்போது, அங்கே குரோமியம் முன்பைவிடப் பொடிசான துகள்களாகப் பிரிகிறது. அடி வாங்க வாங்க முகம் சீராகிறது. யாரும் ராவ வேண்டாம்.

ராயபுரம் லோகோ ஷெட்டுக்கு வரும் மின்சார எஞ்சின்களின் கூரையில் இப்போது வெற்றிட பிரேக்கர். மூடி முத்திரையிட்ட குடுவை, பிரிக்கவே முடியாது. அப்பாவிடம் ஒரு நாள் இதைச் சொன்னேன். "அப்ப உள்ள என்ன ஆகுதுன்னு எப்படிடா பாப்பாங்க?" என்றார்.

அரம் இன்னும் வீட்டில் இருக்கிறது. பற்களுக்கு நடுவில் செம்புத் தூள் பச்சை பிடித்துக் கிடக்கிறது.