தோட்ட மருத்துவமும் குழந்தையின் சிறுநீரகமும்

இலங்கை மலையகத்தின் மருத்துவ வரலாற்றை ஆராய்வோர் 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். கோப்பித் தோட்டங்களில் தென்னிந்தியத் தொழிலாளர் நோயினால் மடிந்தமை குடியேற்ற அரசை இத்துறையில் தலையிடச் செய்தது. நோயுற்ற தொழிலாளி தோட்டத்துக்கு நட்டம் என்ற கணக்கும் அதன் பின்னணியில் இருந்ததென்பதை மறைப்பதற்கில்லை. அக்கணக்கில் குழந்தைக்குரிய இடம் சிறிது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பராமரிப்பைத் துரையின் கடமையாக்கியது. அவ்வயதெல்லையே இங்கு நோக்கற்பாலது.

ஏனெனில் குழந்தைகளைப் பீடிக்கும் முக்கிய சிறுநீரக நோய்கள் இரண்டு பெரும்பாலும் அவ்வெல்லையைக் கடந்த பின்னரே தோன்றுகின்றன. சிறுநீருடன் புரதம் வெளியேறி உடல் வீங்கும் நோய் இரண்டு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் மிகுதி. மற்றையது, தொண்டைப்புண்ணோ சிரங்கோ கண்டு சில வாரங்களில் முகம் அதைத்து, இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீர் தேநீர் நிறம் கொள்வது. மருத்துவர் கையாளும் இவ்வுவமை தேயிலை நாட்டில் கசப்பாகவே ஒலிக்கிறது. ஒரே காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் உறங்கும் லயங்களில் சிரங்கு பரவுதல் எளிதன்றோ!

இவற்றை ஐயுறுவதற்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டியதில்லை. காலையில் கண்ணிமை வீங்கியிருத்தலே முதற் குறி. சோதனைக்குழாயில் சிறுநீரைக் காய்ச்சி அசற்றிக்கமிலம் சில துளி விட்டபின்னும் கலங்கல் நின்றால் புரதம் உண்டென அறியலாம். ஆனால் கருவியிலும் அரியது பயிற்சி. 1870இல் கொழும்பில் தோன்றிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்தில் இயங்கியது. மானிப்பாயில் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்துக் காட்டியிருந்தார். அம்முயற்சி மலைநாட்டைத் தொடவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரிகளைப் பட்டம் பெறாத மருந்தாளரே பெரிதும் தாங்கி நின்றனர். அவர்களைக் குறைகூறுதல் நியாயமன்று. குழந்தை மருத்துவத்தை அவர்களுக்கு முறையாகக் கற்பிக்க முன்வந்தோர் அரியர்.

1950களில் ஸ்டீரொயிட் மருந்துகள் வந்தபின் வீக்கநோயின் விதி மாறியது. 1962இல் பேராதனையில் மருத்துவபீடம் அமைந்தது. இன்று அங்கு குழந்தைகளுக்கான சிறுநீரகச் சிகிச்சையும் அத்துறைச் சிறப்புப் பயிற்சியும் உண்டு. எனினும் இந்நோய் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவது. பிள்ளையைக் கண்காணிக்கப் பல ஆண்டுகள் வேண்டும். ஹற்றனிலிருந்து பேராதனைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளும் தாய்க்கு ஒரு பேர் இழப்பு. வீட்டிலேயே நாள்தோறும் சிறுநீரைச் சோதித்துக் குறித்துவர அவளுக்குக் கற்பித்தால் அப்பயணங்கள் குறையும். அதனைக் கற்பிப்பவர் அவளுடன் தமிழில் பேச வல்லவராயிருத்தல் வேண்டும். நிறம் எந்நாளில் மாறிற்று என்பதை அறிந்தவள் அவள் ஒருத்தியே.