கண்ணாடியா, காற்றா?

தாம்பரத்துக்குத் தெற்கே ட்ரோன் வைத்து நில அளவை செய்யும் பையன்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் எப்போதும் ஒரே வாக்கியத்தில்தான் இருக்கும். “சார், லென்ஸ் போச்சு.” படத்தைத் திறந்தால் மங்கலாகத்தான் இருக்கிறது. ஓட்டு விளிம்பு கரைந்திருக்கிறது, வரப்பு பஞ்சுபோல நிற்கிறது. ஆனால் போனது லென்ஸ்தானா என்பது வேறு கேள்வி. ஃபோகஸ் தவறியிருக்கலாம். ஷட்டர் மெதுவாக இருந்திருக்கலாம். கிம்பல் நடுங்கியிருக்கலாம். இடையில் இருக்கிற காற்றே கொதித்துக்கொண்டிருக்கலாம். சின்னதாக வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே மங்கல்தான். எந்தப் பிழை யாருடையது என்று பிரிக்கிற வேலைக்கு இந்தப் பகுதியிலேயே இருநூறு வருடத்துக்கு மேலான வரலாறு உண்டு. அது பரங்கிமலையில் தொடங்குகிறது.

1802 ஏப்ரல் 10. வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலையடியில் ஓர் எஃகுச் சங்கிலியை விரித்தார். அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல், நேர்கோடு. இன்றைக்கு ஆதம்பாக்கம், மடிப்பாக்கம், மேடவாக்கம் என்று அடுக்குமாடிகளாக நிற்கும் வெளி அது. இந்தியாவை முக்கோணங்களால் அளந்த பெரும் நில அளவைக்கு இதுவே முதல் அடிக்கோடு. சங்கிலியின் கதையும் வேடிக்கையானது. சீனப் பேரரசருக்கு அன்பளிப்பாக மெக்கார்ட்னி தூதுக்குழு எடுத்துப்போய், அங்கே வேண்டாமென்று ஆகி, கல்கத்தா வழியாக சென்னைக்கு வந்து சேர்ந்த சங்கிலி. நூறு அடி நீளம்.

அதைத் தரையில் போட்டு இழுத்துவிடவில்லை லாம்ப்டன். முக்காலிகள் மேல் மரப்பெட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானிகளையும் வைத்தார். ஏன் இவ்வளவு பாடு? நூறு அடி எஃகு, வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் சுமார் 0.35 மில்லிமீட்டர் நீளும். அற்பம்தான். ஆனால் ஏழரை மைலுக்கு அந்தச் சங்கிலியை ஏறக்குறைய நானூறு முறை வைக்க வேண்டும். காலைக்கும் நண்பகலுக்கும் பத்து டிகிரி வித்தியாசம் என்றால் கோட்டின் முடிவில் ஒன்றே கால் மீட்டருக்கு மேல் பிசகும். ஏப்ரல், மே சென்னை வெயிலில் இது கற்பனை இல்லை. சங்கிலி சரியா தப்பா என்பதோடு, இந்த நிமிடம் சங்கிலியை வெயில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ட்ரோன் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். கொட்டாவி விடுவார்கள். பரவாயில்லை.

லாம்ப்டனின் பெரிய தியோடலைட் அப்போது கைக்கு வந்திருக்கவில்லை. லண்டனில் கேரி என்ற கருவி வினைஞர் செய்தது. மூன்றடி விட்டமுள்ள வட்டத் தகடு, அரை டன் எடை. வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிறகு அவர்களே மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். 1808இல் அந்தக் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி வட்டத் தகடு நசுங்கியது. யாராக இருந்தாலும் “கருவி போச்சு” என்றுதான் சொல்லியிருப்பார்கள். லாம்ப்டன் அதைக் கழற்றி, எந்த இடத்தில் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பார்த்து, ஆப்புகளும் திருகுகளும் கப்பிகளும் கொண்டு தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஆறு வாரம் ஆனதாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அந்தக் கருவி உழைத்தது.

தியோடலைட் பிடித்த எவருக்கும் இரண்டு பழக்கங்கள் கையில் ஊறியிருக்கும். முதலாவது, கண்ணை அசைத்துப் பார்ப்பது. தொலைநோக்கிக்குள் குறுக்கு இழை தெரியும், தூரத்துக் குறியும் தெரியும். கண்ணை லேசாக இடவலமாக அசைத்தால் இழை குறியின் மேல் நகர்கிறதா? நகர்ந்தால் ஃபோகஸ் சரியில்லை. பிம்பம் இழை இருக்கும் தளத்தில் விழவில்லை என்று அர்த்தம். கண்ணுக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் சரி.

இரண்டாவது பழக்கம் இன்னும் முக்கியம். ‘ஃபேஸ் லெஃப்ட், ஃபேஸ் ரைட்’ என்பார்கள். ஒரு கோணத்தை அளந்த பிறகு தொலைநோக்கியைப் புரட்டி, கருவியை அரைவட்டம் திருப்பி, அதே குறியை மறுபடி அளப்பது. கருவியின் அச்சில் கோணல் இருந்தால் அந்தப் பிழை இரண்டாம் முறை எதிர்ப்பக்கம் விழும். குறி மட்டும் அதே இடத்தில் நிற்கும். கருவியோடு சேர்ந்து திரும்புவது கருவியின் குற்றம், திரும்பாமல் நிற்பது உலகத்தின் சங்கதி. ட்ரோன் கேமராவைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

எப்படி? ஒரே தண்ணீர்த் தொட்டியைப் படத்தின் இடது மூலையில் வைத்து ஒன்று, வலது மூலையில் வைத்து ஒன்று எடுங்கள். இரண்டிலும் இடது பக்கம்தான் மங்குகிறது என்றால் லென்ஸ் அடுக்கில் ஏதோ ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது, அல்லது மையம் விலகியிருக்கிறது. தொட்டி எங்கே போனாலும் தொட்டியே மங்குகிறது என்றால் லென்ஸை விட்டுவிடலாம். தாம்பரத்தில் இதற்காக ட்ரோனை ஏற்றவும் வேண்டாம், ஏற்றவும் முடியாது. ஒரு பக்கம் விமானப்படைத் தளம், மறுபக்கம் மீனம்பாக்கம். 2021 ட்ரோன் விதிகளின்படி விமான நிலையத்தைச் சுற்றி அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் வேறு மாதிரி விசாரணை வரும். மொட்டை மாடியில் ஸ்டூல் போட்டு, இறக்கைகளைக் கழற்றிவிட்டு, திரிசூலம் குன்றுப் பாறைகளைப் பார்க்க வைத்தால் போதும். (அதே பல்லாவரம் பக்கத்தில்தான் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். செம்மண் சரளையில் அதை அடையாளம் கண்டது எந்த லென்ஸும் இல்லாத வெறும் கண்.)

கண்ணாடியைச் சோதிக்கும் கலை ஐரோப்பாவில் வானியலாளர்களிடம் வளர்ந்தது. 1858 வாக்கில் ஃபூக்கோ, தொலைநோக்கி ஆடியிலிருந்து வரும் ஒளி குவியும் புள்ளியில் ஒரு கத்தி விளிம்பை மெல்ல நுழைத்தார். ஆடி சரியாக இருந்தால் முழுப்பரப்பும் ஒரே சீராக இருளும். மேடு பள்ளம் இருந்தால் நிழல் காட்டிக்கொடுக்கும். இன்னும் எளிய முறை நட்சத்திரச் சோதனை. நட்சத்திரத்தைக் கொஞ்சம் ஃபோகஸ் தவறவிட்டுப் பார்த்தால் வட்டமாக விரியும். வட்டம் ஒழுங்காக, மையம் நடுவில் இருந்தால் நல்ல லென்ஸ். வால் முளைத்திருந்தால் கண்ணாடிகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன. ஃபோகஸை மாற்ற முடிகிற ட்ரோன்களில் இதை நாமும் செய்யலாம், தெருமுனை எல்.இ.டி. விளக்கை நட்சத்திரமாக வைத்துக்கொண்டு.

ஆனால் சோதனைக் கருவியே பொய் சொன்னால்? 1990இல் ஹபிள் தொலைநோக்கி விண்ணுக்குப் போய் மங்கலான படங்களை அனுப்பியது. 2.4 மீட்டர் ஆடியின் விளிம்பு சுமார் 2.2 மைக்ரான் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. காரணம், ஆடியைச் சோதித்த கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் தவறி வைக்கப்பட்டிருந்தது. இதைவிட எளிய வேறொரு சோதனை பிழை இருப்பதைக் காட்டத்தான் செய்தது. உயர்ந்த கருவி சொன்னதே சரி என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. எளிய சோதனையை இளக்காரமாகப் பார்க்காதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

மைக்ரான் என்றதும் ஏதோ விண்வெளி விவகாரம் என்று நினைக்க வேண்டாம். சிறு ட்ரோன்களில் லென்ஸின் குவியத்தொலைவு ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த லென்ஸ் முடிவிலியிலிருந்து நான்கு மீட்டர் தூரத்துக்கு ஃபோகஸ் மாற வெறும் ஐந்தாறு மைக்ரான் நகர்ந்தால் போதும். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிளாஸ்டிக் குழலும் பசையும் மே மாத வெயிலில் இதைத் தாராளமாகச் செய்யும். ஒரு தரம் தென்னை மட்டையில் மோதி விழுந்தாலும் செய்யும். காலையில் கூர்மை, மதியம் மங்கல், மாலையில் மறுபடி கூர்மை என்றால் லாம்ப்டனின் வெப்பமானியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வான்படக் கேமராக்களில் ஃபோகஸ் வளையமே கிடையாது. தொழிற்சாலையிலேயே முடிவிலிக்குப் பொருத்தி இறுக்கிவிடுவார்கள். லென்ஸுக்கு எவ்வளவு நுணுக்கம் பிரிக்க முடிகிறது என்று பார்க்க அமெரிக்க விமானப்படை 1951இல் வகுத்த மும்மூன்று கோட்டு அட்டை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆரம்பகால ஃபேன்டம் ட்ரோன்களும் அந்த வழியிலேயே நிலையான ஃபோகஸோடு வந்தன. 2016இல் மேவிக் ப்ரோ வந்தபோது நிலைமை மாறியது. திரையைத் தொட்டு ஃபோகஸ் செய்ய வேண்டும். பழைய பழக்கத்தில் தொடாமலே பறக்கவிட்டு, “புது கேமரா மங்குது” என்று உலகம் முழுக்கப் புலம்பினார்கள். கண்ணாடிமேல் ஒரு குற்றமும் இல்லை.

பிறகு காற்று. லாம்ப்டனும் அவருக்குப் பின் வந்த எவரெஸ்ட்டும் வெயில் காலத்தின் புழுதிப் படலத்துக்குப் பயந்து மழைக்காலத்தில் அளந்தார்கள். மழை கழுவிய வானில் தூரத்துக் கொடி தெரியும். விலையாகக் காய்ச்சலில் ஆட்களை இழந்தார்கள். எவரெஸ்ட் பிற்பாடு இரவில் விளக்கு, பகலில் கண்ணாடியால் சூரியனைத் திருப்பி அனுப்பும் ஹீலியோட்ரோப் என்று மாறினார். நம் பகுதியில் பகல் பதினொரு மணிக்கு மேல் தகரக் கூரைகளின் மேல் காற்று அலையடிக்கும். அடுத்தடுத்த இரண்டு படங்களில் மங்கல் இடம் மாறுகிறது என்றால் அது காற்றுதான். லென்ஸ் குற்றம் அப்படி ஊர் சுற்றாது. இன்னொன்று சென்னைக்கே உரியது: ஏ.சி. காரிலிருந்து இறக்கியதும் லென்ஸில் படியும் ஈரம். முழுப்படமும் பால் ஊற்றின மாதிரி இருக்கும். பத்து நிமிடம் பொறுத்தால் சரியாகிவிடும். இதற்காகக் கேமராவை சர்வீஸுக்கு அனுப்பினவர்கள் இருக்கிறார்கள்.

ஷட்டர் கணக்கு சுருக்கமாக. ஒரு அங்குல சென்சார் ட்ரோன் அறுபது மீட்டர் உயரத்தில் பறந்தால் தரையில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 1.6 சென்டிமீட்டர். விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் 1/200 நொடி ஷட்டர் என்றால் அதற்குள் ட்ரோன் 2.5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். புள்ளிகள் எல்லாம் பறக்கும் திசையில் கோடாக இழுபடும். 1/1000 வையுங்கள். எஃப் 11க்கு மூடினால் எல்லாம் கூர்மையாகும் என்பதும் பெரிய கேமராக்காரர்கள் விட்டுச்சென்ற நம்பிக்கை. இந்தச் சிறு சென்சாரில் ஒளி விளிம்பில் வளைந்தே ஆறு பிக்சல் அகலத்துக்குப் பரவிவிடும்.

தென்புறநகரில் இதெல்லாம் பொழுதுபோக்கு இல்லை. இங்கே நிலம் என்றால் ஏரிதான். சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம் என்று எங்கே திரும்பினாலும் ஒரு கரை, கரையோரம் வீடுகள், எது எல்லை என்ற வழக்கு. அப்படி ஓர் ஏரியின் வான்படத்தை என்னிடம் கொண்டுவந்தார்கள். பெயர் வேண்டாம். படத்தின் வலது மேல் மூலையில் வெள்ளையாக ஒரு புள்ளி, அதுதான் பழைய எல்லைக்கல் என்று கோடு இழுத்திருந்தார்கள். கோட்டுக்கு உள்ளே ஒரு வீடு. வீட்டுக்கார அம்மா என் மேசை முன்னால் நின்று, “தம்பி, படத்துல என் வீடு தண்ணிக்குள்ளயா இருக்கு?” என்று கேட்டார். அதே பறப்பின் நூற்றுச் சொச்சம் படங்களை வரிசையாகத் திறந்து பார்த்தேன். போகும்போது எடுத்ததில் வடகிழக்கு மங்கல். திரும்பி வரும்போது எடுத்ததில் தென்மேற்கு மங்கல். மூலை கேமராவோடு சேர்ந்து திரும்பியிருந்தது. லென்ஸ் சாய்ந்த கேமரா.

உரிய அனுமதியோடு வேறு கேமராவில், அதே உயரத்தில், ஓட்டத்தைக் குறுக்காக மாற்றி மறுபடி எடுத்தார்கள். கல் என்று நினைத்தது பாதி புதைந்த சிமெண்ட் மூட்டை. உண்மையான கல் எந்தப் படத்திலும் இல்லை. எஃப்.எம்.பி. வரைபடத்தின் அளவுகளை வைத்து நாடா பிடித்து, சீமைக் கருவேலத்தை வெட்டி, கடப்பாறையால் தோண்டியபோது ஒரு முழம் ஆழத்தில் கிடைத்தது. அம்மாவின் சுற்றுச்சுவர் எல்லைக்குள்ளே ஓரடி நீண்டிருந்தது, வீடு வெளியே இருந்தது. சுவரை அவரே இடித்துக் கட்டிக்கொண்டார்.

அந்தச் சாய்ந்த லென்ஸை நேராக்க முடியுமா என்று பையன் கேட்டான். பழைய ஃபேன்டம்களில் பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு லென்ஸ் குழலைக் கையால் திருகி ஃபோகஸைச் சரிசெய்தவர்கள் உண்டு. அதுவும் ஃபோகஸ் தவறினால் மட்டும்தான். சாய்வுக்கு அந்த வழி கிடையாது. அடுக்கடுக்கான பிளாஸ்டிக் வில்லைகளைக் கழற்றி மைக்ரான் கணக்கில் நிமிர்த்த நம் ஊர் மேசையில் இடமில்லை. ஆறு வாரம் கூடாரத்துக்குள் உட்கார்ந்தாலும் நடக்காது. கிம்பலோடு கேமரா முழுவதையும் மாற்ற வேண்டும், ட்ரோன் விலையில் கணிசமான பங்கு. அவன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, இனி நடுவில் இருக்கிற முக்கால் பாகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பறப்புக் கோடுகளை நெருக்கி வைத்து ஓட்டிக்கொள்கிறேன் என்றான். இரண்டு பேட்டரி கூடுதலாகும். சரி என்றேன்.