ஹாலிஎல சந்திக்கு மேலே: வரவு செலவுத் திட்டமும் ஊவாவின் தோட்டங்களும்

இலங்கையின் 2020 நவம்பர் வரவு செலவுத் திட்ட உரை தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்றது. 2025 பெப்ரவரி உரை 1,700 என்றது. அதே ஆண்டு நவம்பர் உரை அதை 1,750 ஆக்கியது. ஊவா மாகாணத்தில் ஹாலிஎலயைச் சுற்றிய தோட்டங்களில் வரவு செலவுத் திட்டம் என்றாலே சம்பளம் என்றாகிவிட்டது. ஊவாவின் பொருளாதாரத்தை இதைவிட ஆழமாகத் தொட்ட இரண்டு தீர்மானங்கள் 2011இலும் 2019இலும் தோட்டப்புறத்தில் பேச்சுக்கே வராமல் நடைமுறையாயின என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சம்பளம். கம்பனித் தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கான 'பேர்' போடுவது திறைசேரியல்ல. 2021இல் கூட்டு ஒப்பந்தம் முறிந்த பின், சம்பளச் சபை வழியாக மார்ச் மாத வர்த்தமானியில் 900 ரூபா அடிப்படையும் 100 ரூபா வரவு செலவு நிவாரணப் படியுமாக அந்த 1,000 வந்தது. வந்த சூட்டோடு பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்துக்குப் போட்ட முழுப் பேருக்கு 20 கிலோ கேட்டார்கள். நிறுவையில் குறைந்தால் அரைப் பேர். வேலை நாட்களும் சுருங்கின. 2025 பெப்ரவரியில் சொன்ன 1,700 அந்த ஆண்டு கைக்கு வரவேயில்லை, 1,350தான் நீடித்தது. 2026 ஜனவரியிலிருந்து கம்பனியின் பங்கு 1,550. மீதி 200 அரசு தரும் வரவு ஊக்கத்தொகை, அதற்கு 5,000 மில்லியன் ரூபா ஒதுக்கீடு. கம்பனி கொடுக்க வேண்டிய கூலியில் ஒரு பங்கை வரி செலுத்துவோர் ஏற்றிருக்கிறார்கள். இது சிறிய மாற்றமல்ல. ஆனால் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஆண்டுதோறும் இடம்பெற்றால்தான் அந்த 200 நிலைக்கும். கணக்கையும் பார்க்க வேண்டும்: 1,350 வீதம் 20 நாள் வேலை செய்தால் 27,000 ரூபா, 1,750 வீதம் 15 நாள் என்றால் 26,250. நாட்களைத் தீர்மானிக்கும் செக்ரோல் என்ற வேலைப் பதிவேடு தோட்டத்து ஆபீசில் இருக்கிறது.

இனி மாகாணம். பேராதனையிலிருந்து பதுளை வழியாகச் செங்கலடிக்குப் போகும் ஏ5 வீதியும், பெரகலையிலிருந்து வரும் ஏ16 வீதியும் ஹாலிஎலயில் சந்திக்கின்றன. இரண்டும் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. அங்கிருந்து பிரியும் 'சி', 'டி' தர வீதிகள் மாகாணத்துக்கு. அதற்கும் சின்னப் பாதைகள் பிரதேச சபைக்கு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஏறும் கடைசித் துண்டு தோட்டத்துக்கு. பிரதேச சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவிடுவதற்கு இருந்த சட்டத் தடையே 2018இல்தான் நீங்கியது. பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிவரும் முச்சக்கரவண்டி இந்த எல்லைகளையெல்லாம் கடந்துதான் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிறது. பள்ளங்கள் எங்கே தொடங்குகின்றன என்பதை வைத்தே எல்லையைச் சொல்லிவிடலாம்.

மாகாண வீதிகளுக்குப் பணம் எங்கிருந்து? அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் மாகாணங்களுக்குக் கொடுத்த வருமானங்களில் முதன்மையானது புரள்வு வரி. 2011 ஜனவரியோடு மத்திய அரசு அதை ஒழித்தது. ஈடாக, தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒன்று, முத்திரைத் தீர்வை முழுவதும், வாகனப் பதிவுக் கட்டணத்தில் 70 வீதம் என்று பங்கு வகுத்தது. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டிய அதே கையோடு தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியும் ஒழிந்தது. அந்த மூன்றிலொரு பங்கைக் கொடுக்க வரியே இல்லை. முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் விட்டால் எஞ்சியது நிதி ஆணைக்குழு பரிந்துரைக்கும் கொடைகள். அவற்றில் பெரும்பகுதி ஆசிரியர், சுகாதார ஊழியர் சம்பளத்துக்கே போய்விடும். ஊவா மாகாண நிர்வாகம் ஏறக்குறைய ஒரு சம்பளப் பட்டுவாடா அலுவலகமாகச் சுருங்கிய கதை இதுதான்.

புரள்வு வரியின் பெரும்பங்கு மேல் மாகாணத்துக்கே போனது, ஊவாவுக்கு அதில் பெரிய இழப்பில்லை என்று வாதிடலாம். தொகையளவில் அது சரி. ஆனால் ஊவாவின் வரித்தளம் ஏன் சிறுத்தது? இங்கு பறிக்கும் கொழுந்து தேயிலையாகிக் கொழும்பு ஏலத்தில் விற்கிறது. கம்பனிகளின் தலைமையகம், தரகு, கலப்பு, ஏற்றுமதி எல்லாம் அங்கேயே. விளைச்சல் ஊவாவின் கணக்கில், அதன்மேல் ஏறும் மதிப்பு மேல் மாகாணத்தின் கணக்கில். ஆகவே ஈடுசெய்யும் கடமை கருணையல்ல; மாகாணங்களுக்கிடையே தலா வருமான வேறுபாட்டைப் படிப்படியாகக் குறைக்கும் தேவையை நிதி ஆணைக்குழு கருத்திற்கொள்ள வேண்டும் என்று அரசியலமைப்பின் 154ஆர் உறுப்புரையே சொல்கிறது. 2019ஆம் ஆண்டுக் குடும்ப வருமான, செலவின மதிப்பீட்டின்படி நாட்டின் வறுமை வீதம் 14.3, தோட்டத்துறையில் 33.8.

வரிச்சுமையில் மட்டும் தோட்டம் விலக்கப்படவில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது, எரிபொருளுக்கிருந்த விலக்கும் போனது. வருமான வரிக் கோப்பே இல்லாத தொழிலாளி, ஹாலிஎல கடையில் வாங்கும் சவர்க்காரத்திலும் முச்சக்கரவண்டிக் கூலியிலும் திறைசேரிக்கு வரி கட்டுகிறார். அந்தப் பணம் மலையேறித் திரும்பும் வழியைக் கேட்க வேண்டிய ஊவா மாகாண சபைக்குக் கடைசித் தேர்தல் 2014 செப்டம்பரில் நடந்தது. 2019இல் அதன் காலம் முடிந்தபின் ஆளுநர் நிர்வாகம்தான்.

செய்யக்கூடியவை உண்டு. பெறுமதி சேர் வரியில் மாகாணங்களுக்கு ஒரு பங்கைச் சட்டத்திலேயே எழுதலாம். அப்போது அடுத்த ஆண்டின் வரி மாற்றம் அதைச் சத்தமில்லாமல் விழுங்க முடியாது. கொடைக் கணிப்பில் தோட்டக் குடித்தொகையைத் தனி அளவுகோலாகச் சேர்க்கலாம். 200 ரூபா ஊக்கத்தொகை பெறும் தோட்டங்கள், மாதம் எத்தனை நாள் வேலை கொடுத்தன, ஒரு பேருக்கு எத்தனை கிலோ கேட்டன என்பதைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கலாம். பொதுப் பணம் செக்ரோலுக்குள் நுழைந்துவிட்ட பிறகு அதைத் தணிக்கைக்கு உட்படுத்துவதை மறுக்கக் கம்பனிகளுக்கு நியாயமில்லை.