ஒரு துண்டு அட்டையும் மூன்று போல்ட்டும்

பழைய ஃபெண்டர் பேஸ் கிட்டார் ஒன்றின் நெக்கைக் கழற்றினால், அது உட்காரும் குழிக்குள் சில சமயம் ஒரு சின்ன அட்டைத் துண்டு கிடக்கும். யாரோ அடைத்து வைத்த குப்பை என்று தூக்கி எறிந்துவிட வேண்டாம்! பல கிட்டார்களில் தொழிற்சாலையே வைத்து அனுப்பியது அது. பெயர் ஷிம். வேலை, நெக்கின் சாய்வைச் சரி செய்வது.

லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிட்டார் வாசிக்கவே தெரியாது. 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டு வந்தபோது, கிப்ஸன் போன்ற கம்பெனிகள் செய்ததைப் போல நெக்கைப் பசை போட்டு ஒட்டாமல், நான்கு திருகுகளால் உடலோடு முடுக்கினார். போல்ட் என்று எல்லோரும் சொன்னாலும் அவை மரத் திருகுகள்தான். நெக் ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம் எனத் தனித்தனியாகத் தயாராகும். கடைசியில் சேர்த்தால் போதும். செலவும் குறைவு, ரிப்பேரும் சுலபம். ஆனால் இப்படிச் சேர்க்கும்போது சாய்வில் சின்ன வித்தியாசம் வரத்தான் செய்யும்.

அந்த வித்தியாசம் எவ்வளவு பெரிய விஷயம்? குழியின் நீளம் சுமார் 75 மி.மீ. அதன் உள்முனையில் அரை மி.மீ. அட்டை வைத்தால் நெக்கின் தலைப்பக்கம் கொஞ்சம் பின்னால் சாயும். 34 அங்குல பேஸில் அதன் விளைவு பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் 2 மி.மீ.க்கும் மேல்! பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சாடிலை முழுக்க இறக்கிய பிறகும் கம்பி உயரமாகவே நின்றால், அட்டைதான் வழி. பலர் இங்கே ட்ரஸ் ராடைத் திருகிக் குழப்பிக் கொள்வார்கள். ட்ரஸ் ராட் நெக்கின் வளைவை மாற்றும், சாய்வை மாற்றாது.

கம்பி தாழ்வாக இருந்தால்தான் நல்லது என்றும் சொல்ல முடியாது. மோடவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்ஸன், டபுள் பேஸில் பழகிய கை என்பதாலோ என்னவோ, தன் 1962 பிரிசிஷன் பேஸில் கம்பிகளை உயரத்திலேயே வைத்திருந்தார்.

சரி, கதைக்கு வருவோம். 1965இல் லியோ தன் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். பிறகும் சில ஆண்டுகள் ஆலோசகராக இருந்தார். அப்போது யோசித்ததுதான் மைக்ரோ டில்ட். நெக்கைக் கழற்றவே வேண்டாம். முடுக்கிய போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, பின்பக்கத் தகட்டின் ஓட்டை வழியாக ஒரு ஆலன் சாவியைத் திருப்பினால் சாய்வு மாறும். 1970இல் காப்புரிமை கிடைத்தது. இதோடு நான்கு போல்ட் மூன்றானது. 1971இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாருக்கும், 1970களின் நடுவில் ஜாஸ் பேஸுக்கும் இது வந்தது. பிரிசிஷன் பேஸ் மட்டும் நான்கு போல்ட்டோடு தப்பித்தது.

தப்பித்தது என்று சொல்லக் காரணம் இருக்கிறது. சி.பி.எஸ். காலத்தில் உற்பத்தி எண்ணிக்கை ஏறியது, வேலையின் நேர்த்தி இறங்கியது. குழி நெக்கை விட அகலமாக வெட்டப்பட்டால் மூன்று போல்ட்டால் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. நெக் பக்கவாட்டில் நகரும், ஓரக் கம்பி ஃப்ரெட்டை விட்டு வழுக்கும். வாங்கியவர்கள் திட்டியது வெட்டிய கையை அல்ல, மூன்று போல்ட்டை! கணக்குப் புத்தகத்தில் மிச்சமான தொகை எவ்வளவோ, கெட்ட பெயர் அதைவிடப் பெரிது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மியூசிக் மேன் கம்பெனிக்காக லியோ உருவாக்கி 1976இல் வெளிவந்த ஸ்டிங்ரே பேஸிலும் அதே மூன்று போல்ட், அதே சாய்வுத் திருகு. இன்று அந்த ஆரம்ப கால ஸ்டிங்ரேக்களைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். ஃபெண்டரும் பின்னாளில் மைக்ரோ டில்ட்டை விட்டுவிடவில்லை. நான்கு போல்ட்டோடு சேர்த்துப் பல மாடல்களில் வைத்தது.

அட்டைத் துண்டும் சாகவில்லை. ஒரு முனையில் மட்டும் அட்டை வைத்தால் நடுவில் இடைவெளி விழுகிறது என்பதால், குழியின் முழு நீளத்துக்கும் சரிவாகச் சீவிய மர ஷிம்கள் இப்போது கால் டிகிரி, அரை டிகிரி, ஒரு டிகிரி என்று அளவு போட்டு விற்பனைக்குக் கிடைக்கின்றன.